ரெண்டு கயிறு, பாதிப் பாதி

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மேல்காற்று. மாடியில் காயப்போட்ட சுடிதார் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. எட்டி எடுத்ததில் முழங்கை சிராய்ப்பு.

இன்றைக்கு:
இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், முதல் யூனிட்.
அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை.
தலைக்கு எண்ணெய் (முடியவில்லை).

இந்த அரியர் மூன்றாவது தடவை. டிப்ளமோ முடித்து ஆறு வருஷமாக சைட்டில் நிற்கிறேன். பகுதிநேர பி.இ.யில் மற்ற எல்லாப் பேப்பரும் தேறிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி. சைட்டில் எல்லோருக்கும் நான் மேடம். பரீட்சை ஹாலில் ஒரு பெட்டி, ஒரு கயிறு, ஒரு சாய்தளம் படத்தைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது.

நேற்று நடந்தது மனசிலேயே ஓடுகிறது. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி நாங்கள் கட்டுகிற கல்யாண மண்டபம். கிரேன் ஓட்டுகிற சேது ஒரு மணி நேரம் தாமதம். கான்ட்ராக்டர் குமரவேல் அவனை கேபினிலிருந்து சட்டையோடு இழுத்துக் கீழே போட்டு, செருப்பைக் கழற்றி அடித்தார். முகத்தில். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். நானும். சேது உதட்டைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் டீ குடித்தோம்.

மதியம் சபீனா, தூக்குவாளியில் பக்ரீத் கறியோடு. டிப்ளமோவில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இதே பாடத்தை நடத்துகிறாள். நான் கயிறு, கொக்கி, சுவர் எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டு எல்லாவற்றுக்கும் அம்பு போடுகிறேனாம். அதுதான் கோளாறாம்.

"பொருள மட்டும் தனியாப் பிச்சு எடுடீ. அதத் தொட்டுக்கிட்டு இருக்க எல்லாத்தையும் அறு. எங்கெங்க அறுத்தியோ அங்கங்க ஒரு அம்பு. தொடாம வர்றது பூமி இழுக்குறது மட்டுந்தான்."

நாலு மணிக்குக் கிளம்பிவிட்டாள். நானே ஒரு கணக்கு போட்டேன். ஒரு கம்பிக்கட்டு, இரண்டு கயிற்றில் தொங்குகிறது. ஒன்றரை டன். கட்டைத் தனியாக எடுத்தேன். கீழே ஒரு அம்பு, மேலே இரண்டு. இரண்டு கயிறு, பாதிப் பாதி, முக்கால் டன். புத்தகத்தில் விடைப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக ஒன்று பிடிபட்ட மாதிரி.

கறி நல்ல ருசி. அம்மாவுக்கு ஒரு துண்டுதான் கொடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

பாண்டியண்ணன் செத்துப்போனார்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பதரைக்குக் கம்பி ஏற்ற வேண்டும். ஆறு மீட்டராக வெட்டியது, நூற்றைம்பது கம்பி ஒரே கட்டு. இரண்டாம் தளத்துக்குப் போக வேண்டும். ரோட்டோரம் கரண்ட் லைன் குறுக்கே போவதால் கிரேனின் கையை அதற்கு மேல் உயர்த்த முடியாது. கட்டின் இரண்டு பக்கமும் கட்டிக் கொக்கியில் மாட்டுகிற ஸ்லிங் கயிறு நாலு மீட்டரில் போட்டால் கட்டு கொக்கியிலிருந்து மூன்றரை மீட்டர் கீழே தொங்கும், கைப்பிடிச் சுவரில் இடிக்கும். லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் இரண்டு நாள் ஆகும். குமரவேலுக்கு போன் போட்டேன். இரண்டு நாளெல்லாம் முடியாது, ஏதாவது பண்ணு, மத்தியானத்துக்குள் கம்பி மேலே இருக்கணும் என்று வைத்துவிட்டார்.

ஏதாவது பண்ணினேன். ஷெட்டில் குட்டை ஸ்லிங் ஒரு ஜோடி கிடந்தது. பழைய வயர் ரோப். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைப் போட்டால் கட்டு கொக்கியை ஒட்டியே நிற்கும், சுவரைத் தாண்டும்.

ஸ்லிங் கட்டுவது பாண்டியண்ணன். பேரையூர்ப் பக்கம். பதினைந்து வருஷமாக இதுதான் வேலை. குட்டை ஸ்லிங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டாமல் நின்றார்.

"கட்டையாப் போட்டா இழுவை சாஸ்தி மேடம். தெறிச்சிரும்."

சேது கேபினில். சித்தாட்கள் செங்கலோடு நிற்கிறார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"ரெண்டு கயிறுண்ணே. பாதிப் பாதி. ஒண்ணுக்கு முக்கால் டன்தான் வரும். நான் கணக்கே போட்டுட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கட்டினார்.

தூக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து சபீனாவுக்கு அனுப்பினேன். "நேத்துப் போட்ட கணக்கு, இன்னிக்கு நேர்ல" என்று கீழே எழுதினேன்.

கட்டு ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு போயிருக்கும். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறுந்த கயிறு சாட்டை மாதிரி திரும்பி கேபின் கண்ணாடியை உடைத்தது. கட்டின் ஒரு முனை கீழே சாய, கம்பிகள் உருவிக்கொண்டு வந்தன. பாண்டியண்ணன் கட்டுக்கு நேர் கீழே இல்லை. தள்ளித்தான் நின்றார், கட்டு சுழலாமல் இருக்க வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. தள்ளி நின்றவர் மேல்தான் வந்து விழுந்தன. ஒரு கம்பி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி முதுகில் வெளியே வந்தது. மற்றவை கால் மேல், இடுப்பு மேல். கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், ரத்தம்தான் வந்தது.

அவர் சம்சாரம் தனமும் எங்கள் சைட்டில்தான் சித்தாள். தலையில் இருந்த செங்கலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உருவப் பார்த்தாள். உருவினால் உடனே போய்விடும் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். விடாமல் கடித்தாள். இப்போது எழுதும்போதும் பல் பதிந்த இடம் ஊதா நிறத்தில் தெரிகிறது.

ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அங்கே சைட்டில் அதற்குள் சேதுவைப் பிடித்துக்கொண்டார்கள். மண்வெட்டிக் காம்பால், கையால், காலால். சனிக்கிழமை அவன் அடி வாங்கியதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள். பல் இரண்டு போய்விட்டதாம், தோள் எலும்பு உடைந்திருக்கிறதாம். அவன் செய்தது லீவரை இழுத்தது மட்டும்.

நான் திரும்பிப் போனபோது என்னை யாரும் தொடவில்லை. ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிங்க மேடம் என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. வெயில். பிணவறை வாசலில் வேப்பமரத்தடி. போஸ்ட்மார்ட்டம் பதினொரு மணிக்கு என்றார்கள், இரண்டு மணிக்குத்தான் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் தக்காளிச் சாதம் பிரித்துச் சாப்பிட்டது. எனக்கும் பசித்தது. அது அவமானமாக இருந்தது.

தனம் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் கொழுந்தன் முருகன், ஊரிலிருந்து வந்தவன், சிகரெட் மேல் சிகரெட். "சொன்னவெ எவன்னு தெரிஞ்சா வகுந்துருவேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னவள் நாலு அடி தள்ளி நின்றேன்.

குமரவேல் என்னைக் காருக்குள் கூப்பிட்டார். ஏசி. ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்துத் தயாராக. பாண்டி குடித்துவிட்டு வேலைக்கு வந்தார், எச்சரித்தும் கேட்காமல் சுமைக்கு அடியில் போய் நின்றார், சைட் இன்ஜினியர் என்ற முறையில் நேரில் பார்த்தேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

அவர் குடிக்க மாட்டார் என்றேன். செத்தவருக்கு அதனால் என்ன என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்தார்.

"இது ஒனக்கும்தாம்மா நல்லது. கட்டச் சொன்னது யாருன்னு நான் இன்னும் யார்ட்டயும் சொல்லல."

அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

பாண்டியண்ணனை எடுக்கிறார்கள் இன்றைக்கு. பேரையூர் பஸ் ஏறினேன். திருமங்கலத்தில் இறங்கிவிட்டேன். ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறித் திரும்பி, நேராக சபீனா வீடு.

மஹாலுக்குப் பின்னால் அவர்கள் சந்து. அவள் அத்தா கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சபீனா என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் அனுப்பிய படம் திங்கட்கிழமையே அவள் போனில் வந்துவிட்டது. வகுப்பில் இருந்திருக்கிறாள். பார்த்தபோது மணி பதினொன்று. பார்த்த உடனே எனக்கு மூன்று தடவை போன் போட்டிருக்கிறாள். அந்த நேரம் நான் ஆம்புலன்ஸில்.

என் கணக்கு எங்கே தப்பு என்று கேட்டேன். இப்போது வேண்டாம் என்றாள். இப்போதே வேண்டும் என்றேன்.

தாள் எடுத்தாள். முதலில் என்னையே போடச் சொன்னாள். கட்டைத் தனியாக எடுத்தேன். எடை கீழே, ஒன்றரை டன். கொக்கி, கிரேன், சுவர் எதையும் வரையவில்லை. இரண்டு கயிற்றையும் அறுத்த இடத்தில் இரண்டு அம்பு. அதுவரைக்கும் சரி என்றாள். பிறகு என் அம்புகளைப் பார்க்கச் சொன்னாள். இரண்டையும் நான் செங்குத்தாக மேலே பார்க்கப் போட்டிருந்தேன்.

போனில் என் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி மேலேயே கோணமானியை வைத்தாள். கயிறு படுத்துக் கிடக்கிறது. கம்பிக்கும் கயிற்றுக்கும் நடுவில் பதினைந்து டிகிரி.

அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன், மறக்கக் கூடாது. கயிறு தள்ளாது, இழுக்கும், அதுவும் தன் நீளத்தின் வழியாக மட்டும். மேலே தூக்க வேண்டியது ஆளுக்கு முக்கால் டன், அதில் சந்தேகமில்லை. பாதிப் பாதி என்பது அந்தத் தூக்குகிற பங்குக்குத்தான். கயிறு நிமிர்ந்து நின்றால் இழுப்பது பெரும்பாலும் தூக்கப் போகும். கயிறு படுத்துவிட்டால் இழுப்பதில் பெரும்பகுதி பக்கவாட்டில் போகும். இடது கயிறும் வலது கயிறும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு கிடக்கும், மேலே போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே முக்கால் டன் ஆக வேண்டுமென்றால் கயிறு மொத்தமாக எவ்வளவு இழுக்க வேண்டும்?

முக்காலை சைன் பதினைந்தால் வகுத்தேன். இரண்டு புள்ளி ஒன்பது.

ஒரு கயிற்றில் மூன்று டன்னுக்குப் பக்கம். ஸ்லிங் தகட்டில் ஒரு டன் என்று போட்டிருந்தது, அதுவும் புதிதாக இருந்தபோது. வழக்கமான நாலு மீட்டர் ஸ்லிங்கே போட்டிருந்தால் அறுபது டிகிரி. அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு டன்னுக்கும் கீழே. தாங்கியிருக்கும்.

"இழுவை சாஸ்தி" என்று பாண்டியண்ணன் சொன்னது இதைத்தான். அவருக்கு சைன் தெரியாது. எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்.

சபீனா வீட்டுக் கழிவறையில் வாந்தி. அவள் அம்மா முதுகைத் தடவிவிட்டார். சாப்பிட்டியாத்தா என்று கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

இடது கை உடைந்திருக்கிறது. தாளைப் பிடிக்க முடியாமல் வலது கையால் மட்டும் எழுதுகிறேன். எழுத்து கிறுக்கலாக வருகிறது.

பத்து மணிக்கு சைட் ஆபீஸ். குமரவேலும் அவர் டிரைவரும் மட்டும். கையெழுத்துப் போடாத தாளை மேசையில் வைத்தேன். போட மாட்டேன், ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லப் போகிறேன், நான் கட்டச் சொன்னதையும் சேர்த்து என்றேன். அவர் சிரித்தார். என் போனைக் கேட்டார். கொடுக்காததால் பிடுங்கி, மேசை விளிம்பில் இரண்டு தடவை அடித்து, ஷூவால் மிதித்தார். படம் அதில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தார். சபீனாவிடமும் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை.

பிறகு என் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா யார் வயலில் கூலிக்கு நின்றார் என்று ஒரு வாக்கியம். அதை எழுத மாட்டேன். அறைந்தார். காது அடைத்துப்போனது.

மேசையில் ஹெல்மெட். எடுத்து அவர் மூக்கில் அடித்தேன். இரண்டாம் தடவையும் அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: மூன்றாவது தடவையும் ஓங்கினேன், பிடித்திருந்ததால்.

டிரைவர் பின்னால் வந்து இடது கையைப் பிடித்து முறுக்கினான். முதுகுக்குப் பின்னால், மேலே மேலே. தானாக ஒரு இடத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முறிந்தது. வலி உடனே வரவில்லை. முதலில் ஒரு குளிர்.

ரோட்டுக்கு நானே நடந்து வந்தேன். பெட்டிக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஜூன் 13, வெள்ளி

கட்டுப் போட்டாகிவிட்டது. ஆறு வாரம். பெண்கள் வார்டில் இடமில்லாமல் எலும்புப் பிரிவு வராந்தாவில் கட்டில். பக்கத்துக் கட்டிலில் சேது. தெரிந்து போட்டார்களா, தெரியாமலா. வாய் வீங்கி வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

மதியம் எஸ்.ஐ. வந்தார். என் வயசு இருக்கும், பெண். சபீனாவும் படத்தோடு வந்துவிட்டாள். ஒரு தாள் வாங்கி வரைந்தேன். ஒரு கோடு, கீழே ஒரு அம்பு, இரண்டு பக்கமும் படுத்த மாதிரி இரண்டு அம்பு.

இவ்வளவுதானா, கிரேன் எங்கே, ஆட்கள் எங்கே என்று எஸ்.ஐ. கேட்டார். கம்பிக்கட்டின் மேல் என்னென்ன இழுக்கிறதோ அது மட்டும்தான் இதில் வரும் என்றேன். கோணத்தைக் காட்டினேன். மூன்று டன் கணக்கைக் காட்டினேன். அவர் திரும்பப் போட்டுப் பார்த்தார், தன் போனில். சரியாக வந்தது. அதன் பிறகு பேச்சு மாறிவிட்டது. குடித்திருந்தாரா என்று அவர் கேட்கவே இல்லை. ஸ்லிங் எத்தனை வருஷப் பழசு, லைனை நிறுத்தக் கேட்டீர்களா, வேண்டாம் என்றது யார் என்று கேட்டார். குமரவேல் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"குட்டை ஸ்லிங்கக் கட்டச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்."

பேனா நின்றது. யோசித்துச் சொல்லச் சொன்னார். இது வழக்கில் வரும், என் பெயரும் சேரும், வேலையும் போகும், படிப்புக்கும் சிக்கல் என்றார். சபீனா என் காலை அழுத்தினாள். பாண்டியண்ணன் வேண்டாமென்று சொன்னார், நான் கேட்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மாலை அம்மா நெற்றியில் கட்டோடு வந்தது. மூன்று தையல். பட்டப்பகலில் பைக்கில் இரண்டு பேர் வந்து ஜன்னலில் கல் விட்டிருக்கிறார்கள். அம்மா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னதற்கு நீ படுத்துக் கிடக்கிறாய், பொய்யைச் சொல்லியிருந்தால் தனம் படுத்துக் கிடப்பாள் என்றது. திட்டியதா, தேற்றியதா, தெரியவில்லை.

ஜூன் 14, சனி

வீடு. ஜன்னலில் அட்டை. குமரவேலைக் கைது செய்திருக்கிறார்கள், மூக்குக் கட்டோடு. டிரைவரைத் தேடுகிறார்கள். என்னை திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சபீனா வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறாள்.

ஒற்றைக் கையால் தலை பின்ன முடியவில்லை. அம்மா பின்னிவிட்டது, இழுத்து இழுத்து.

ஜூன் 15, ஞாயிறு

பதினொரு மணி. வாசலில் பைக் சத்தம். அம்மா அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு நின்றது. உள்ளே வந்தது தனம். ஒற்றையாக.

முருகன் வெளியே பைக்கில் இருக்கிறான், இடுப்பில் என்ன வைத்திருக்கிறான் என்று தனக்குத் தெரியும், உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். சாதாரணமாக, பால்காரன் நிற்கிறான் என்பது போல.

"ஸ்டேசன்ல என்னமோ படம் போட்டுக் குடுத்தியாம்ல. எனக்கும் போடு."

திங்கட்கிழமை வரைக்கும் நான் அவளுக்கு மேடம்.

தரையில் உட்கார்ந்தோம். கட்டுப் போட்ட கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. அவள் ஒரு முனையை அழுத்திப் பிடித்தாள். வரைந்தேன். கம்பியைத் தனியாக எடுத்தேன். எடை. இரண்டு கயிறு. என் துப்பட்டாவை எடுத்து நடுவில் தண்ணீர்ச் சொம்பைக் கட்டி, இரண்டு முனையையும் அவள் இரண்டு கையிலும் கொடுத்தேன். கைகளைச் சேர்த்துப் பிடித்தால் சொம்பு லேசு. கைகளை விரித்துத் துப்பட்டாவைப் படுக்க வைக்க வைக்க, இழுவை ஏறும். என்னிடம் ஒரு கைதான், அதனால் அவள்தான் விரித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். சொம்பு அதே சொம்பு, அவள் கை நடுங்கியது. முழுக்க நேராக்க முடியவில்லை.

முனையை விட்டாள். தண்ணீர் கொட்டியது.

"அப்ப அவரு சொன்னது சரிதான்."

"சரிதாங்க்கா."

"நீ சொன்னது?"

"தப்பு."

அறைந்தாள். சித்தாள் கை, காய்த்துப் போன கை. தலை சுவரில் இடித்தது. திரும்பவும் அறைந்தாள், அதே கன்னத்தில். அம்மா எழுந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அந்தக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், உடம்பு குலுங்க.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து வாசலுக்குப் போனாள். முருகனிடம் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. அவன் சத்தம் போட்டான், அவளும் போட்டாள். ஓர் அறை விழுகிற சத்தம். பைக் கிளம்பிப் போனது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் உதட்டோரம் ரத்தம்.

"குடிச்சிட்டுப் போயித்தான் செத்தான்னு ஊருல பேசுறாய்ங்க. இவனுக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியல, அதான் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியிறான். நாந்தான் சொல்லணும். இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். பேனாவைக் கேட்டாள். கம்பிக்கு ஒரு கோடு போட்டாள், கோணலாக வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.